சாய்ந்த வீட்டில் ஓடிய கடிகாரம்

அன்பு மகள் ஷமீமாவுக்கு அத்தா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறேன்.

சாந்தன்பாறையில் நீங்கள் வாங்கியிருக்கும் பங்களாவைப் பார்க்கப் போன வாரம் வந்தவன், ரெண்டு நாள் இருப்பதாகச் சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டேன். "அத்தாவுக்கு எங்க வீடு பிடிக்கலியாம்மா?" என்று நீ உன் அம்மாவிடம் போனில் கேட்டாயாம். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் சமாளித்திருக்கிறாள். காரணம் குளிர் இல்லை. உன் மாமியார் என் தட்டில் இன்னொரு கரண்டி நெய்ச்சோறு வைத்தபோது போதும் என்று கையால் மறித்தேன். அதற்கும் காரணம் சோறு இல்லை. அன்று உன் வீட்டில் நான் பார்த்ததை அவர்கள் எல்லோரும் இருக்கும்போது சொல்ல முடியவில்லை. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், பாதியில் சிரித்தும் விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுவதும் படி. படித்த பிறகு மாப்பிள்ளை கையிலும் கொடு. அவருக்குத் தெரியாத விஷயங்களை அவருக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு நம் கடை தெரியும், தொழில் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைக்காரத் துரைமார் மூணாறு பக்கத்து பங்களாக்களில் விட்டுவிட்டுப் போன வீட்டுச் சாமான்களைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, பாலக்காட்டில் விற்கிறேன். ஓக் மரத்துச் சாப்பாட்டு மேஜை, வால்நட் பீரோ, பெல்ஜியம் கண்ணாடி பதித்த அலங்கார மேஜை, பளிங்குப் பலகை போட்ட அலமாரி, பீங்கான் பொம்மை, பெண்டுலம் ஆடும் கடிகாரம். மேஜையின் முகத்தைப் பார்த்து ஏமாறாதே, குனிந்து அதன் வயிற்றைத் தடவிப் பார் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். முகத்துக்கு யார் வேண்டுமானாலும் பாலீஷ் போடலாம். அடிப்பக்கம்தான் அது எங்கே நின்றது, என்ன பட்டது என்று சொல்லும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் எனக்கு அதே கண்தான். உன் மாப்பிள்ளை உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கிற பிள்ளை. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி சாமுவேல் ஐயாவின் கதை. நீ கோயம்புத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. உனக்குப் பரீட்சை நேரம் என்பதால் அப்போது சொல்லவில்லை. பிறகு சொல்லவே மனசு வரவில்லை.

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைக் காட்டின் உச்சியில் ஒரு கல் பங்களா இருந்தது. அந்த எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்ற சாமுவேல் ஐயா அதை உள்ளே இருந்த சாமான்களோடு சேர்த்து வாங்கியிருந்தார். அவருடைய முன்னோர் திருநெல்வேலியிலிருந்து மலையேறி வந்தவர்கள். அவருடைய அப்பா அதே பங்களாவின் சமையற்கட்டில் துரைக்கு ரொட்டி சுட்டவர். "எங்கய்யா நின்னுக்கிட்டே இருந்த ஊட்டுல நான் உக்காந்து சாப்பிடுதேன் பாய்" என்பார். சொல்லும்போதெல்லாம் துரையின் நீளச் சாப்பாட்டு மேஜையில் தலைமாட்டு நாற்காலியில் முதுகை நிமிர்த்திக்கொள்வார். அவருக்கு அது வெறும் வீடு இல்லை. அதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

அவர் மனைவி கிரேஸம்மாவுக்கு அந்தச் சாமான்களைக் கண்டாலே ஆகாது. "தொரசாணி தொடைச்சத இப்ப நான் தொடைக்கேன். அவளுக்காவது நாலு ஆயா இருந்தாளுக" என்பார். அவருக்கு போடியில் கட்டிக்கொடுத்த மகளோடு போய் இருக்க வேண்டும் என்று ஆசை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன குவார்ட்டர்ஸில் பாக்கியம் என்கிற சமையல்காரியும் அவள் புருஷனும் இருந்தார்கள். அவ்வளவுதான் அந்த மேட்டில் ஆட்கள்.

சாமுவேல் ஐயாவுக்கு உயிர் அங்கே இருந்த ஓர் ஆளுயரக் கடிகாரத்தில். இங்கிலாந்தில் செய்தது, ஓக் மரப்பெட்டி, முகப்பின் மேலே வளர்பிறை தேய்பிறை காட்டும் நிலா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் அவரே சாவி கொடுப்பார், வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு நாள் போன் செய்தார். "பாய், கடிகாரம் நின்னு போச்சு. ஆட்டிவிட்டா ஓடுது, பெறகு நிக்குது. செத்த வந்து பாருங்க."

போய் முதலில் காதைத்தான் வைத்தேன். நல்ல பெண்டுலம் கடிகாரம் ஒரே சீராக நடக்கும். இது நொண்டியது. டிக், உடனே டாக், பிறகு ஒரு நீண்ட இடைவெளி. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. பெட்டிதான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. பெட்டி சாய்ந்தால் பெண்டுலம் நடுவில் தொங்காது, ஒரு பக்கம் அதிகம் ஆடி, மறுபக்கம் குறைந்து, கடைசியில் நின்றுவிடும். பழைய மரத்தரை, கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு மரச்சில்லைச் சீவி அந்தப் பக்கக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். நடை சீரானது. ஐயா என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, சில்லை எப்படிச் சீவுகிறேன், எப்படி உள்ளே தட்டுகிறேன் என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானா வித்தை?" என்று சிரித்தார். கிரேஸம்மா சாயா கொண்டுவந்தார். வராந்தாவில் நின்று குடித்தேன். கீழே ரோட்டை அகலப்படுத்த ஜேசிபி மலையின் அடியை வெட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு மண் சுவர் போல நின்றது. வெட்டுக்காயம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மழை தொடங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கடிகாரம் மட்டும் இல்லை. சாப்பாட்டு அறையில் கண்ணாடிக் கதவு வைத்த பீங்கான் அலமாரி ஒன்று இருந்தது. அதன் கதவு சாத்தினால் நிற்பதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ உள்ளேயிருந்து மெதுவாகத் தள்ளுவது போல அது திறந்தது. சத்தமே இல்லை. உள்ளே பீங்கான் தட்டுகள் வெள்ளையாக வரிசையில் நின்றன. எனக்கு உடம்பு சிலிர்த்தது, மகளே. அத்தனை வருஷம் பழைய சாமான்களோடு புழங்கியும் அப்படி ஒரு உணர்வு எனக்கு வந்ததில்லை.

பாக்கியம் அடுப்படி வாசலிலேயே நின்றாள், உள்ளே வர மாட்டேன் என்றாள். "தொரசாணி நடக்கா ஐயா. அவ தட்டு, அவ வந்து பாக்கா. மத்தியானத்துல தரைக்கு அடியில கொலுசு மாதிரி சத்தம் கேக்கு" என்றாள்.

சாமுவேல் ஐயா உரக்கச் சிரித்தார். "வெள்ளைக்காரி கொலுசு போட்டாளாங்கும்! ஏட்டி, போயி மீன அலசு."

நான் சிரிக்கவில்லை. பேய்க்குப் பயந்து இல்லை. கடிகாரம் போன முறை சாய்ந்த அதே பக்கம்தான் மறுபடியும் சாய்ந்திருந்தது. அலமாரிக் கதவு திறந்ததும் அதே பக்கம்தான். ஆனால் ரெண்டையும் சேர்த்து யோசிக்க மனசு வரவில்லை. மழையில் மரம் ஊதும், தரைப்பலகை நெளியும் என்று அவரிடமும் சொன்னேன், எனக்கு நானும் சொல்லிக்கொண்டேன். முதல் சில்லை எடுத்துவிட்டுத் தடிமனாக இன்னொன்று வைத்தேன். இந்த முறை ஐயாவே கத்தியை வாங்கி நுனியைச் சீவினார். கை நன்றாகப் பழகியிருந்தது.

மூன்றாம் தடவை போனது அந்த அலமாரியை வாங்க. "கதவு தொறந்து தொறந்து என்னப் பாக்குது அண்ணாச்சி, எடுத்துட்டுப் போயிருங்க" என்று கிரேஸம்மாவே கூப்பிட்டிருந்தார். கர்க்கடக மழை, நம் ஆடி மாதம். ரெண்டு சுமைகாரர்களோடு மினி லாரியில் போனேன். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியதும் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று என் கணுக்காலில் பட்டது. ஜன்னல் எதுவும் அங்கே இல்லை. குனிந்து பார்த்தேன். தரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு பிளவு. உள்ளே இருட்டு. ஈர மண் வாசனை. காதை வைத்தேன். பாக்கியம் சொன்ன கொலுசுச் சத்தம் கேட்டது. தண்ணீர். வீட்டுக்கு அடியில், கற்களுக்கு நடுவே, ஏதோ அவசரத்தில் இருப்பது போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. கடிகாரம் சாயவில்லை, அலமாரி சாயவில்லை. வீடு சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டைத் தூக்கி வைத்திருந்த மலை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, இந்த வீட்ல இனி இருக்கக் கூடாது. மல நகருது. இன்னைக்கே எறங்கிடுங்க" என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "பாய், இது தொர கட்டுன ஊடு. எங்கய்யா பொறக்கதுக்கு முந்தியே நின்ன ஊடு. எத்தன மழ பாத்திருக்கும்? நீங்க பாலக்காட்டுல இருந்து வந்து மல நகருதுங்கீக."

"கீழ வெட்டுனது இந்த வருஷந்தானங்கய்யா. அதுக்கு முன்னாடி பாத்த மழையெல்லாம் வேற."

"சாமான் பூராத்தையும் ஒரேயடியா ஏத்திட்டுப் போகத் திட்டமோ?"

அது என்னைச் சுட்டது. சுமைகாரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பழைய சாமான் வியாபாரி வீட்டைக் காலி செய்யச் சொன்னால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? அப்போது கிரேஸம்மா முன்னால் வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரு மக இருக்காள்லா. அவள இன்னைக்கு இந்த ஊட்டுல படுக்க விடுவீகளா?"

"விட மாட்டேன்மா" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு துணிப்பையும் பைபிளும் மாத்திரை டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்து லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாக்கியமும் அவள் புருஷனும் கோழிக்கூண்டோடு பின்னால் அலமாரிக்குப் பக்கத்தில் ஏறினார்கள். சாமுவேல் ஐயா வராந்தாவில் வெகுநேரம் நின்றார். கடைசியில் கடிகாரத்தின் சாவியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். போடியில் அவர் மகள் வீட்டில் இறக்கிவிட்டேன். வில்லேஜ் ஆபீஸில் சொன்னேன், அவர்களும் வந்து பார்த்துவிட்டு, மழை முடியும்வரை யாரும் இருக்க வேண்டாம் என்று சொன்னார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் புரியாதது. எதுவும் நடக்கவில்லை. நாள் நாளாகப் போனது. மழை குறைந்தது, நின்றது, வெயில் வந்தது. பங்களா அப்படியே நின்றது. போடியில் மருமகன் வீட்டுத் திண்டாட்டம் ஐயாவுக்கு. காலை எழுந்தால் குளியலறைக்கு வரிசை, பேரப்பிள்ளைகள் டிவி, உட்கார அவருக்கென்று ஒரு நாற்காலி இல்லை. தெருவில் பார்த்தவர்கள் "என்ன டீமேக்கரய்யா, பேய்க்குப் பயந்து ஓடி வந்துட்டீகளாமே" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் அவர் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார்.

நான் கடையில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. "பாய், ஒரு சத்தம் கேளுங்க" என்றார். போனை எங்கேயோ கொண்டுபோய் வைத்தார். டிக், டாக், டிக், டாக். ஒரு நொண்டல் இல்லை. அளந்து வைத்தது போல ஓடியது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான நடையை நான் கேட்டதில்லை.

"கேட்டீகளா? ஓடுதுல்லா! மலயும் நகரல, மண்ணாங்கட்டியும் நகரல. வெயிலு பளீர்னு அடிக்கி. கிரேஸும் அடுத்த வாரம் வாரா."

"ஐயா, யார் சரி பண்ணுனாங்க?"

"நாந்தான். ஒங்களப் பாத்துப் படிச்ச வித்தைதான. வரும்போது நின்னுதான் கெடந்துச்சு. சில்வர் ஓக் துண்டச் சீவி அடியில குடுத்தேன்."

"எந்தக் காலுக்கு?"

பின்னால் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "அதே காலுக்குத்தான்" என்றார்.

"பழைய சில்லு?"

"அதுக்கு மேலதான் வச்சேன். கட்டவெரல் தண்டி."

"ஐயா, அது கடிகாரத்த நிமித்தி வச்சிருக்கீங்க. வீட்ட இல்ல. மழ நின்னாலும் உள்ள குடிச்ச தண்ணி எறங்கத்தான் செய்யும். கையோட போன வச்சிட்டு வெளிய வந்துடுங்க, நான் ஜீப் அனுப்புறேன்" என்று கெஞ்சினேன். "நீங்க ரொம்பப் பயப்படுதீக பாய்" என்றார். கோபமே இல்லை, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். பழைய குரல் திரும்பியிருந்தது. தன் வீட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனுஷனின் குரல். போனை வைத்துவிட்டார். கிரேஸம்மாவைக் கூப்பிட்டேன். "எறங்கி வாங்கன்னா சண்டைக்கு வாறாக. நான் நாளைக்கே போயி கையோட கூட்டியாறேன்" என்றார். ஐயா பாக்கியத்தையும் சமையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவள் மட்டும் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "தொரசாணி இருக்க ஊட்டுக்கு நான் வர மாட்டேன். வேணும்னா வேலைய எடுத்துக்கிடுங்க."

மறுநாள் கிரேஸம்மா பஸ்ஸில் பூப்பாறை தாண்டும்போது வெயில் இருந்ததாம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேலே மலை உடைந்துவிட்டது, மலையாளத்தில் உருள்பொட்டல் என்பார்களே, அது. மழையில்லாத நாளில், நீல வானத்துக்குக் கீழே, மொத்த மேடும் தேயிலைச் செடியோடு நகர்ந்து ரோட்டுக்கு வந்துவிட்டது. கீழே அப்போது யாரும் இல்லாதது இறைவன் கருணை. மேலே ஒரே ஒருவர்தான் இருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக் கால், கிழிந்த மெத்தை, கண்ணாடிச் சட்டம் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கிரேஸம்மா முன்னால் வைத்தார்கள். அவர் எதையும் தொடவில்லை. "அதெல்லாம் எதுக்குப் பொறுக்குதீக. ஆளப் பாருங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். சாயங்காலம் ஐயாவைக் கண்டெடுத்தார்கள். அதை நான் எழுதப் போவதில்லை.

அந்த மேட்டில் அத்தனை பேரில் பேய்க்குப் பயந்தவள் பிழைத்தாள். சீராக ஓடிய கடிகாரத்தை நம்பியவர் போய்விட்டார். இதை வைத்து யாருக்கு அறிவு, யாருக்கு இல்லை என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஒரு தடவை பயம் வந்துவிட்டால், வெயில் அடிக்கிறதே என்று அதைச் சீக்கிரம் கழற்றிப் போட்டுவிடாதே என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் கிரேஸம்மா மகளோடு நம் கடைக்கு வந்தார். அந்தப் பீங்கான் அலமாரி அப்போதும் விற்காமல் இருந்தது. உண்மையைச் சொன்னால், கேட்டவர்களுக்கும் நான் கொடுக்கவில்லை. அவர் அதன் முன்னால் போய் நின்றார். கதவைப் பாதி திறந்து, கையை எடுத்துவிட்டு, காத்திருந்தார். கதவு விட்ட இடத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் திறந்தார். அங்கேயும் நின்றது. "நிக்கி பாருட்டி" என்றார் மகளிடம். குரல் உடைந்துவிட்டது. "இங்கன நிக்கி." நான் கொடுத்த சாயாவைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன், ஷமீமா.

போன வாரம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் காட்டினாய். ஹோம்ஸ்டேக்கு வரும் விருந்தாளிகளுக்கென்று எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாய். கல்யாணத்துக்கு நான் கொடுத்த வால்நட் பீரோ, முன்னறையில் பளிங்குப் பலகை மேஜை, சுவரில் ஜெர்மன் கடிகாரம். என் மகளுக்கு என் கண் வந்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது. பிறகுதான் பீரோவின் கீழே பார்த்தேன். பழக்க தோஷம். முன்காலுக்குக் கீழே அட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. "அத்தா, தரை கொஞ்சம் மேடு பள்ளம்" என்றாய். படுக்கையறைக் கதவு புதிதாக இழைக்கப்பட்டிருந்தது. "போன மழையில மரம் ஊதி இறுகிடுச்சு மாமா, ஆசாரிய விட்டுச் சீவச் சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை. ஊதிய மரம் ஒரு மூலையில் மட்டும் இறுகாது, மகளே. உன் கதவை இழைத்திருப்பது மேல் மூலையில் மட்டும்தான். எதிர்ப்பக்கம் கீழ் மூலையில் விரல் போகும் சந்து. கதவு ஊதவில்லை. நிலைச்சட்டம் கோணிவிட்டது. ஜெர்மன் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன். "அது நின்னு நின்னு போகுது, அடியில முட்டா அடிச்ச ஆணியைக் கொஞ்சம் நகத்தி நகத்தி அடிக்கிறோம்" என்று உன் மாமியார் சிரித்தபடி சொன்னார். எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. சுவரில் பழைய ஆணித் துளைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே பக்கம். ஜன்னலுக்கு வெளியே, கீழே, விருந்தாளிகளின் கார் நிறுத்த மலையை வெட்டி நிரவியிருந்தார் மாப்பிள்ளை. அதை எனக்குக் காட்டத்தான் பெருமையோடு கூட்டிப்போனார். அந்த நேரத்தில்தான் உன் மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார்.

அங்கேயே ஏன் சொல்லவில்லை? கேட்பாய். இந்த வீட்டுக்காகத் தன் நகையை விற்று மகனுக்குக் கொடுத்த ஒரு தாய் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். பெண் கொடுத்த வீட்டில் முதல்முறை விருந்துக்கு வந்தவன், உங்கள் வீடு விழுந்துவிடும் என்று சொன்னால் அது சாபம் மாதிரி இருக்கும். சாமுவேல் ஐயாவிடம் பட்டென்று சொன்னேன். அவர் காதில் அது வியாபாரியின் வார்த்தையாக விழுந்தது. உன் வீட்டில் அது சம்பந்தியின் வார்த்தையாக விழும். என் பேச்சை நம்பவே வேண்டாம். மலையையும் மண்ணையும் படித்த ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து பார்க்கச் சொல். அவர் பயமில்லை என்று சொன்னால், உன் மாமியார் முன்னால் வந்து நானே மன்னிப்புக் கேட்கிறேன். அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்றுதான் நானும் துஆ கேட்கிறேன். ஆனால் வைகாசி பாதியில் தொடங்கும் எடவப்பாதி மழை இன்ஜினியருக்காகக் காத்திருக்காது. உன் அம்மா இதைப் படித்துவிட்டு, "பிள்ளைய இப்படியா பயமுறுத்துவாங்க" என்றாள். பிறகு அவளே உன் அறையில் புது விரிப்புப் போட்டு, மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்திருப்பவர் நம் ஊர்க்காரர் பஷீர். அவருடைய ஜீப் உங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பதியையும் விட்டுவிடாதே. அவர்களுக்கும் இடம் இருக்கிறது. உன் மாமியாரிடம் காரணம் என்ன சொல்வது என்று நீ தடுமாற வேண்டாம். அத்தாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, எல்லோரையும் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொல். கேட்டதும் உன் மாமியார் பதறிப்போய் முதல் ஆளாக ஏறுவார், நல்ல மனசுக்காரி. இங்கே வந்து என்னைக் கல்லுக்குண்டு மாதிரிப் பார்த்த பிறகு அவர் என்னை ஏசினால் ஏசட்டும். அந்தப் பொய்க்கு இறைவனிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ செருப்பை மாட்டிக்கொண்டு வா, கண்ணு.

அத்தா